இடுப்பு உயரத்தில் ஒரு கண்ணாடி

படப்பிடிப்பில் நடிகர்கள் உட்கார்ந்து இளைப்பாறுகிற வண்டிக்கு நம் பக்கத்தில் கேரவன் என்று பேர். அதில் ஒன்றை நான் வாங்கினேன். நான் நடிகன் இல்லை, கேளம்பாக்கத்தில் இன்வெர்ட்டரும் பேட்டரியும் விற்கிற கடைக்காரன். கோவளம் தாண்டி மாமல்லபுரம் போகிற வழியில், சவுக்குத் தோப்புக்குப் பின்னால் இருக்கும் ஒரு ஷெட்டிலிருந்து, பழைய பேட்டரிகளைக் கழித்துவிட வேண்டும், வந்து பாருங்கள் என்று கூப்பிட்டிருந்தார்கள். போன இடத்தில் பேட்டரிகளுக்குப் பின்னால் அது நின்றுகொண்டிருந்தது. டயர் எல்லாம் காற்று இறங்கிக் கிடந்தது. கூரை முழுக்கச் சவுக்குச் சருகு. கதவைத் திறந்ததும் எலி ஒன்று எனக்கு வழிவிடாமல் முதலில் இறங்கிப் போனது. உள்ளே கிழிந்த சிவப்பு ரெக்ஸின் சோபா, ஒரு ஆள் மட்டும் நிற்கக்கூடிய பாத்ரூம், அதற்கு எதிரே சுற்றிலும் பல்பு வைத்த பெரிய மேக்கப் கண்ணாடி. பல்பு ஒன்றும் எரியவில்லை. கண்ணாடியில் மட்டும் ஒரு கீறல்கூட இல்லை.

வெளிநாட்டுக்காரர்கள் இந்த மாதிரி வண்டியிலேயே சமைத்து, தூங்கி, ஊர் ஊராகச் சுற்றுவதைக் கடையில் வியாபாரம் இல்லாத நேரத்தில் கைப்பேசியில் பார்த்துப் பார்த்து எனக்குப் பைத்தியம் பிடித்திருந்தது. அன்றைக்கே பேசி முடித்துவிட்டேன். ஆசை வந்தால் எனக்கு மூளை வேலை செய்யாது என்பாள் என் மனைவி. கோபம் வந்தாலும் செய்யாது என்று கூடவே சேர்த்துக்கொள்வாள். வண்டியின் படத்தைக் காட்டினேன். தைத்துக்கொண்டிருந்த ரவிக்கையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"இத்த வாங்கி இன்னா பண்ணப் போறீங்க? நடிக்கப் போறீங்களா?"

"ஊர் சுத்தலாம்."

"சுத்துங்க" என்றாள். தையல் மிஷின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. நாம் இரண்டு பேரும் சுத்தலாம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தாலும் அவள் வரமாட்டாள் என்பது இரண்டு பேருக்குமே தெரியும்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். இதை மறைக்காமல் எழுதச் சொன்னவளே அவள்தான். சில வருஷங்களுக்கு முன்னால் அவளுக்குக் குடலில் கட்டி வந்து அறுவை சிகிச்சை நடந்தது. பிழைத்துவிட்டாள். ஆனால் அன்றிலிருந்து வயிற்றின் இடது பக்கத்தில் ஒரு துளை, அதன் மேல் ஒட்டிய ஒரு பை. கழிவு அதில்தான் வந்து சேரும். பை நிறைந்தால் காலி செய்ய வேண்டும், சில நாளுக்கு ஒருமுறை கழற்றிச் சுத்தம் செய்து புதுசு ஒட்ட வேண்டும். அதற்குத் தண்ணீர் வேண்டும், வெளிச்சம் வேண்டும், சாமான் வைக்க இடம் வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக, யாரும் கதவைத் தட்டாத ஒரு அறை வேண்டும். வீட்டில் இவ்வளவும் இருந்தது. வெளியே எங்கே இருக்கிறது? ரயிலில் ஒருமுறை முயன்று பார்த்தோம். ஆடுகிற கழிப்பறையில், ஈரத் தரையில், ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு அவள் பட்ட பாட்டை அவள்தான் அறிவாள். அதற்குப் பிறகு அவள் உலகம் கேளம்பாக்கத்திலிருந்து திருப்போரூர் வரைக்கும் என்று சுருங்கிவிட்டது. அதற்குள்ளும் எங்கேயாவது விசேஷம் என்றால் முந்தின நாளிலிருந்தே சாப்பிட மாட்டாள். வயிற்றில் ஒன்றும் இல்லாவிட்டால் பையிலும் ஒன்றும் இருக்காது என்பது அவள் கணக்கு. டாக்டர் திட்டினார், நான் கத்தினேன். எங்கள் ஒரே மகளின் கல்யாணமே திருப்போரூர் மண்டபத்தில்தான் நடந்தது. அந்தக் கல்யாணத்தில் அவள் ஒரு வாய் சாப்பிடவில்லை. மகளை அனுப்பியது திருநெல்வேலிப் பக்கம். கட்டிக்கொடுத்த வீட்டு வாசலை அவள் மிதித்ததே இல்லை.

ஆகவே வண்டி என் விளையாட்டுச் சாமானாகத்தான் ஆரம்பித்தது. படூரில் என் மச்சினனுக்கு, அதாவது மனைவியின் தம்பிக்கு, வெல்டிங் பட்டறை இருக்கிறது. அடுக்குமாடி வீடுகளுக்குக் கேட்டும் கிரில்லும் செய்து கொடுப்பவன். வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டுபோய் அவன் பட்டறையில் நிறுத்தினேன். அவன் ஒரு சுற்று சுற்றி வந்தான்.

"இன்னா மாமா, இது வண்டியா, வூடா? வண்டின்னா ஓடணும். வூடுன்னா குந்திகினு இருக்கணும். இது ரெண்டும் பண்ணாது போல கீதே!"

"உன்னால முடியுமா, முடியாதா?"

"முடியாதுன்னு எவன் சொன்னான்?" என்று அப்போதே அடியில் படுத்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமைகளில்தான் வேலை. கடற்கரையில் நின்ற வண்டி, உப்புக் காற்று அடித்தளத்தை அரித்திருந்தது. மேலே பார்த்தால் பளிச்சென்று இருக்கும், சுத்தியலால் தட்டினால் அப்பளம் மாதிரி நொறுங்கும். கெட்ட இரும்பையெல்லாம் வெட்டி எடுத்துப் புது இரும்பு பற்றவைத்தோம். தேய்த்து, துரு ஏறாமல் ரெட் ஆக்சைடு அடித்து, அதன் மேல் தார் மாதிரி ஒரு பூச்சு. ஜன்னல் ரப்பர் எல்லாவற்றையும் மாற்றினோம். செங்கல்பட்டில் ஒருவர் இன்ஜினைப் பிரித்துச் சேர்த்துக் கொடுத்தார். கூரையில் சோலார் தகடு, சோபாவுக்கு அடியில் பேட்டரி, அதிலிருந்து விளக்கு, மின்விசிறி, சின்ன ஃபிரிட்ஜ், தண்ணீர் மோட்டார். வயரிங் முழுக்க நான் செய்தது. அதைப் பற்றி நானே பெருமை பேசக் கூடாது, ஆனாலும் பேசுவேன். ஒரு வயர்கூடக் கண்ணுக்குத் தெரியாது.

பழசைப் பிரிக்கப் பிரிக்க, அந்த வண்டியை முதலில் கட்டியவர் மேல் எனக்கு மரியாதை ஏறிக்கொண்டே போனது. யாரென்று தெரியாது. அலமாரிக் கதவுகளை இழுத்தால் திறக்காது, கொஞ்சம் தூக்கி இழுத்தால்தான் திறக்கும், எந்தப் பள்ளத்தில் விழுந்தாலும் சாமான் வெளியே வராது. பலகைகளின் மூலை ஒன்றுகூடக் கூராக இல்லை, எல்லாவற்றையும் உருட்டி இழைத்திருந்தார். ஓடுகிற வண்டியில் மனுஷன் தடுமாறுவான், இடித்துக்கொள்வான் என்று யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார். அதில் எதையும் நாங்கள் மாற்றவில்லை. மச்சினன் ஒவ்வொரு கதவையும் தூக்கி இழுத்துப் பார்த்துவிட்டு, "எவன் பண்ணானோ, நல்லா இருக்கணும்" என்பான்.

வேலை பாதி முடிந்தபோது மகளிடமிருந்து போன் வந்தது. பிள்ளை உண்டாகியிருக்கிறாள். வீட்டில் ஒரே கூத்து. மனைவி பக்கத்து வீடுகளுக்கெல்லாம் சர்க்கரை கொடுத்துவிட்டு வந்தாள். அன்று சாயங்காலம்தான் அவளுக்கு உறைத்தது. முதல் பிரசவம் தாய் வீட்டில். வளைகாப்பு மாப்பிள்ளை வீட்டில் நடக்கும். அங்கிருந்து பெண்ணைக் கூட்டிக்கொண்டு வர வேண்டியது பெற்றவள். பின்னாலேயே சம்பந்தி வீட்டிலிருந்தும் பேசினார்கள். "உங்களுக்கு அலைய முடியாதுன்னா பொண்ணோட சித்தியை அனுப்புங்க, ஒண்ணும் தப்பில்ல" என்றார்கள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்கள். இவள் "சரிங்க, சரிங்க" என்று சொல்லிப் போனை வைத்தாள். பிறகு மிஷின் முன்னால் உட்கார்ந்தாள், பெடலை மிதிக்கவே இல்லை.

விமானத்தில் போகலாமே என்றேன். "போயி எறங்கிடலாம். எறங்குன பிறகு? விசேஷ வூட்ல ஒரு பாத்ரூம் இருக்கும், வெளிய பத்து பேரு நிப்பாங்க, தட்டுவாங்க" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து அவளே கேட்டாள். "ஒங்க வண்டியில பாத்ரூம் கீதுன்னீங்களே, எப்படி கீது?"

அடுத்த ஞாயிறு அவளைப் பட்டறைக்குக் கூட்டிப் போனேன். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஏனென்றால் பாத்ரூமைத்தான் நாங்கள் கண்ணும் கருத்துமாகச் செய்திருந்தோம். பழையதைத் தூக்கி எறிந்துவிட்டு, வெள்ளை வெளேரென்று புது வெஸ்டர்ன் கம்மோடு, பக்கத்தில் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி, கழிவு போய்ச் சேர அடியில் தனித் தொட்டி. கதவைத் திறந்து, எப்படி என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். அவள் கம்மோடைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"இது யாருக்கு? எனக்கு இது இன்னாத்துக்கு?"

அவள் உட்காருவதே இல்லை. இத்தனை வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறோம், அது எனக்கு மண்டையில் ஏறவில்லை. வீட்டிலேயே அவள் கம்மோடுக்கு முன்னால் முட்டி போட்டுக் குனிந்துதான் பையைக் காலி செய்கிறாள், அதனால்தான் எப்போதும் முதுகு வலி. வலியென்றால் தைலம் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன் நான்.

"வெளிய போங்க ரெண்டு பேரும்" என்றாள். கைப்பையிலிருந்து தையல் சாக்பீஸும் அளவு டேப்பும் எடுத்தாள். பாத்ரூமை அளந்துகொண்டு கீழே இறங்கி, பட்டறைத் தரையில் அதே அளவுக்கு ஒரு கட்டம் வரைந்து அதற்குள் போய் நின்றாள். கைகளை நீட்டினாள், திரும்பினாள், இல்லாத குழாயைத் திறந்தாள், இல்லாத அலமாரியிலிருந்து இல்லாத கத்தரிக்கோலை எடுத்தாள், புடவையைத் தூக்கி எங்கேயோ மாட்டுவது போலச் செய்தாள். கை எட்டாத இடத்தைக் காலால் அழித்துவிட்டு மறுபடி வரைந்தாள். மச்சினனும் நானும் பார்த்துக்கொண்டே நின்றோம். அவள் தினமும் என்ன பாடு படுகிறாள் என்பதை நாங்கள் முதல்முறையாகக் கண்ணால் பார்த்தோம். அதில் அழுகை இல்லை, புகார் இல்லை. ரவிக்கைக்கு அளவெடுக்கிற அதே முகம்.

அவள் கேட்டதெல்லாம் இவ்வளவுதான். இடுப்பு உயரத்தில் ஆழமான ஒரு எவர்சில்வர் தொட்டி, அகலமான வாய், கீழே பெரிய குழாய். குனியாமல் நின்றபடியே காலி செய்ய வேண்டும். வலது கைப் பக்கம் ஒரு தட்டு, சாமான் உருண்டு விழாமல் விளிம்பு. கையில் பிடிக்கிற தண்ணீர்க் குழாய். புடவைத் தலைப்பை மாட்ட ஒரு கொக்கி. கம்மோடு மூலையிலேயே இருக்கட்டும், வரும்போது பிள்ளைத்தாய்ச்சிப் பொண்ணுக்கு அடிக்கடி வேண்டியிருக்கும். பிறகு, வெளியே இருக்கிற மேக்கப் கண்ணாடியைக் கழற்றி உள்ளே தொட்டிக்கு மேலே வைக்க வேண்டும், முகத்துக்கு நேராக இல்லை, வயிற்றுக்கு நேராக. கொஞ்சம் மேல்பக்கம் சாய்த்து.

மச்சினனுக்குப் பொறுக்கவில்லை. "அக்கா, எத்தினி ஹீரோயின் மூஞ்சி பாத்த கண்ணாடி இது! அத்தப் போயி வயித்தாண்ட வெக்கச் சொல்றியே!"

"மூஞ்சி பாக்க வூட்ல கண்ணாடி கீது. வயிறு பாக்கத்தான் ஒண்ணும் இல்ல. இத்தினி நாளா தடவித் தடவி ஒட்டிகினு கீறேன்."

கண்ணாடி அளவாக வெட்டப்பட்டு உள்ளே போனது. சுற்றியிருந்த பல்புகளுக்குப் பதில் நான் சின்ன எல்.ஈ.டி. போட்டுக் கொடுத்தேன். ஸ்விட்சைப் போட்டால் நிழலே விழாது. எந்த நடிகைக்கும் இந்த வெளிச்சம் கிடைத்திருக்காது என்று சொன்னேன். அவள் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் உள்ளேயே இருந்தாள். வெளியே வந்து, "தெரியுது" என்றாள்.

எல்லாம் முடிந்து, வண்டி ஓடத் தகுதியானதுதான் என்று ஆர்.டி.ஓ.விடம் எஃப்.சி.யும் வாங்கியபின் ஒரு பிரச்சினை முளைத்தது. புது வண்டி என்றால் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றுவோம். புது வீடு என்றால் பால் காய்ச்சுவோம். இது எந்தக் கணக்கு? மச்சினன் வண்டி என்றான். மனைவி, அடுப்பு இருக்கிறது, படுக்கை இருக்கிறது, இது வீடுதான் என்றாள். கடைசியில் இரண்டையும் செய்வதென்று முடிவாயிற்று. பட்டறையிலேயே நல்ல நேரம் பார்த்து வண்டிக்குள் அடுப்பைப் பற்றவைத்தாள். பால் பொங்கி எந்தப் பக்கம் வழிகிறது என்று பார்ப்பது எங்கள் வழக்கம். கிழக்கே வழிந்தால் ரொம்ப நல்லது, வடக்கென்றாலும் குறையில்லை. பட்டறைத் தரை சாக்கடைப் பக்கம் சரிவாக இருப்பதை யாரும் யோசிக்கவில்லை. பால் பொங்கியது, பாத்திரத்தின் ஒரே பக்கமாக வழிந்தது. நேர் மேற்கு.

அவள் முகம் விழுந்துவிட்டது. நினைப்பு பிள்ளைத்தாய்ச்சி மகளிடம் போய்விட்டதென்று தெரிந்தது. நான் சரிவைப் பற்றி விளக்க ஆரம்பித்தேன். அதற்குள் மச்சினன், "அக்கா, அடுப்ப அணை, எல்லாரும் புடிச்சிக்கோங்க" என்று ஓடிப்போய் முன்சீட்டில் ஏறினான். வண்டி உறுமியது. பட்டறைக்குள்ளேயே முன்னால், பின்னால், முன்னால் என்று ஒடித்து ஒடித்து முழுசாக ஒரு திருப்புத் திருப்பி நிறுத்தினான். பிறகு பின்பக்கம் வந்து, வழிந்து காய்ந்துகொண்டிருந்த பாலைக் காட்டினான்.

"இப்ப சொல்லு, எந்தப் பக்கம் வழிஞ்சி கீது?"

கிழக்கு. அவள் சிரித்தாள் பாருங்கள், அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர. திருப்பும்போது பின்பக்கம் கேட்டில் உரசிப் புதுப் பெயிண்ட் ஒரு முழம் போயிருந்தது. நான் கத்தினேன். யாரும் காதில் வாங்கவில்லை. அந்தப் பாலிலேயே காபி போட்டுக் குடித்தோம்.

நெல்லைக்குப் போகுமுன் ஒரு வெள்ளோட்டம் விட வேண்டாமா? வேடந்தாங்கலுக்குப் போனோம். மார்கழி, பறவைகள் நிறைந்திருக்கும் காலம். செங்கல்பட்டைத் தாண்டும்வரை வேகத்தடை வேகத்தடையாக ஏறி இறங்கினோம். அவள் வழக்கம்போல் ஒன்றும் சாப்பிடாமல்தான் வந்தாள். ஆனாலும் உடம்பு அவள் சொன்னபடியா கேட்கும்? ஏரிக்கரையில் நிறுத்தியதும் உள்ளே போனாள். நானும் மச்சினனும் கரையில் நின்று, மரத்துக்கு மரம் வெள்ளையாகப் பூத்த மாதிரி உட்கார்ந்திருந்த நாரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

திரும்பி வந்தபோது அவள் படுக்கையில் உட்கார்ந்திருந்தாள். புடவை நனைந்திருந்தது. குடிதண்ணீர் பாட்டில் இரண்டும் காலியாகக் கிடந்தன. "வூட்டுக்குப் போலாம்" என்றாள்.

வேகத்தடைகளில் குதித்துக் குதித்துத் தண்ணீர்த் தொட்டியின் அடிக்குழாயை இறுக்கிப் பிடித்திருந்த கிளாம்ப் கழன்றிருக்கிறது. தண்ணீர் முழுவதும் வழியிலேயே ரோட்டில் ஒழுகிப் போயிருந்தது. பையைக் கழற்றி, சோப்பும் போட்ட பிறகு குழாயைத் திறந்திருக்கிறாள், காற்றுதான் வந்திருக்கிறது. அவள் கூப்பிடவில்லை. நாங்கள் பத்தடி தூரத்தில் நின்று நாரை பார்த்துக்கொண்டிருந்தோம். எனக்கு வந்த கோபத்தை முழுக்க மச்சினன் மேல் கொட்டினேன். கிளாம்ப் மாட்டியது அவன். அவன் ரோட்டையே பார்த்து வண்டி ஓட்டினான். அவள் அந்த வேடந்தாங்கலில் ஒரு பறவையைக்கூடப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து, "தங்கச்சி போயி கூட்டிகினு வரட்டும்" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டாள். அந்த வண்டியைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. விற்றுத் தொலைத்துவிடலாம் என்றுகூட நினைத்தேன். இவள் முகத்தில் ஒரு ஆசையைக் கிளப்பிவிட்டு அதை நானே நசுக்கிவிட்டேனே என்று மனம் ஆறவில்லை.

அந்த வாரத்திலேயே ஒரு நாள், கடையில் இருந்த என்னை மச்சினன் போனில் அழைத்தான். "மாமா, சீக்கிரம் வா. அக்கா ஷேர் ஆட்டோல வந்து கீது. கூடவே ஒரு டிரம்மு!" போய்ப் பார்த்தால், குழாய் வைத்த எவர்சில்வர் டிரம் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு கேளம்பாக்கத்திலிருந்து தனியாக வந்திருக்கிறாள். கல்யாண வீடுகளில் குடிதண்ணீர் வைப்பார்களே, அந்த டிரம்.

"இத்த பாத்ரூம் மேல கட்டுங்க. மோட்டரு வோணாம், கரண்டு வோணாம். மேல தண்ணி இருந்தா கீழ வரும். ஒங்க பம்ப நம்பி நா இனிமே உள்ள போ மாட்டேன்."

பேட்டரி விற்றுப் பிழைக்கிறவனைப் பார்த்துச் சொல்கிற வார்த்தையா? ஆனால் எனக்குக் கோபம் வரவில்லை. இரண்டு நாள் படுத்துக் கிடந்ததில் அவள் அழுதுகொண்டிருக்கிறாள் என்று நான் நினைத்தேன். அவள் யோசித்துக்கொண்டிருந்திருக்கிறாள். டிரம்மைக் கூரையோடு சேர்த்துப் பட்டை போட்டு இறுக்கினோம். அடிக்குழாயில் ஒரு கிளாம்புக்கு இரண்டாக மாட்டினோம். மச்சினன் இரண்டையும் திருப்புளியால் முறுக்கிவிட்டு அதன் மேல் கம்பியும் சுற்றினான். மன்னிப்பு கேட்கிற பழக்கம் அவனுக்கும் இல்லை, எனக்கும் இல்லை. அன்று நான் அவனுக்குப் பிரியாணி வாங்கிக் கொடுத்தேன்.

தங்கச்சியை அனுப்பும் பேச்சு அதற்குப் பிறகு எழவில்லை.

வளைகாப்புக்கு முந்தின நாள் விடியற்காலையில் கிளம்பினோம். மச்சினன் ஓட்டினான், நான் பக்கத்தில். பின்னால் அவள், சீர்த் தட்டுகள், வளையல் பெட்டிகள். எங்களுக்கு இட்லி கட்டிக்கொண்டு வந்திருந்தாள், அவளுக்கு இல்லை. விழுப்புரம் தாண்டி ஓரமாக நிறுத்தச் சொன்னாள். நாங்கள் இறங்கி ஜன்னலுக்குக் கீழேயே காவல்காரர்கள் மாதிரி நின்றோம். இந்த முறை நாரை கொக்கு எதையும் பார்க்கவில்லை.

"அக்கா, தண்ணி வருதா?" என்று மச்சினன் குரல் கொடுத்தான்.

"வருது. வாய மூடு" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. அவ்வளவு சந்தோஷமான வசவை நான் கேட்டதில்லை.

திருச்சி தாண்டி இன்னொரு முறை. எல்லாம் ஒழுங்காக நடந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து வழியெல்லாம் வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தாள். மதுரைக்குப் பக்கத்தில் மலைகளைப் பார்த்து, "இங்க வந்து எத்தினி வருஷம் ஆச்சு" என்றாள். தண்ணீர் குடித்தாள். "நல்லாத்தானே எல்லாம் வேலை செய்யுது, ஒரு இட்லி சாப்பிடேன்" என்றேன். வேண்டாமென்று தலையை ஆட்டிவிட்டாள். இன்னும் அவள் நம்பவில்லை. வண்டியை நம்பினாள், நாளைக்கு வரப்போகிற கூட்டத்தை நம்பவில்லை.

மறுநாள் காலை அந்தக் கூட்டம் வந்தது. தெருவை அடைத்துப் பந்தல். பந்தலை ஒட்டி, வீட்டு வாசலுக்கு எதிரிலேயே எங்கள் வண்டி நின்றது. சமையல்காரர்கள் அடுப்பு மூட்ட இடம் போதவில்லை என்று, சம்பந்தி, அதாவது மாப்பிள்ளையின் அப்பா, என்னிடம் வந்தார். வண்டியை மெயின் ரோட்டில் கொண்டுபோய் விடலாமா என்று மரியாதையாகத்தான் கேட்டார். எனக்கு ஜிவ்வென்று ஏறிவிட்டது. "வண்டி நகராதுங்க" என்றேன். ஏன் என்றார். ஏன் என்று எப்படிச் சொல்வது? பந்தலில் அத்தனை பேர் திரும்பிப் பார்க்கிறார்கள். அதற்குள் வண்டிக்கதவு திறந்தது. பட்டுப்புடவையில் அவள் இறங்கி வந்தாள்.

"சம்பந்தி, எனக்கு ஆபரேஷன் ஆனது ஒங்களுக்குத் தெரியும். வயித்துல பை வெச்சிகினு கீறேன். அந்த வண்டிதான் எனக்கு பாத்ரூம். அது பக்கத்துல இருந்தாத்தான் நான் இந்தப் பந்தல்ல குந்த முடியும்."

குரல் தாழவும் இல்லை, உயரவும் இல்லை. எத்தனை பேர் கேட்கிறார்கள் என்று திரும்பியும் பார்க்கவில்லை. இத்தனை வருஷமாகச் சொந்தத் தங்கையிடம்கூட வாய்விட்டுச் சொல்லாதவள். கோபக்காரன் என்று பேர் வாங்கியவன் நான், தைரியம் அவளிடம் இருந்திருக்கிறது.

அந்த மனிதரும் சாமானியப்பட்டவர் இல்லை. "அதுக்கென்ன சம்பந்தியம்மா, மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா" என்றார். பிறகு திரும்பிச் சமையல்காரர்களைப் பார்த்து, "ஏலே, அடுப்பையெல்லாம் பின்பக்கம் கொண்டு போங்கல. வண்டிகிட்ட ஒருத்தனும் வரப்படாது" என்று சத்தம் போட்டார்.

வளையல் அடுக்கி முடித்தார்கள். மகளுக்குக் கன்னத்தில் சந்தனம், இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் வளையல். முதல் பந்தியில் அவளை உட்கார வைத்து, பக்கத்தில் தாயை உட்கார வைத்தார்கள். நான் பந்தல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இலையில் பரிமாறிக்கொண்டே வந்தார்கள். என் மனைவியிடம் வரும்போது என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். எந்த விசேஷத்திலும் இரண்டு கையையும் இலைக்கு மேலே குடை மாதிரி பிடித்து, நான் அப்போதே சாப்பிட்டாச்சு என்பாள்.

புளியோதரை வந்தது. கை எழவில்லை. வைத்தார்கள். எலுமிச்சை சாதம் வந்தது, அதையும் வைத்தார்கள். அவள் ஒரு தடவை நிமிர்ந்து வண்டியைப் பார்த்தாள். பிறகு சோற்றில் கை வைத்தாள். ஒரு வாய். இன்னொரு வாய். அவசரமில்லாமல், விரலில் ஒட்டியதையும் விடாமல், பசித்த மனுஷி சாப்பிடுகிற மாதிரி சாப்பிட்டாள்.

மகள் தன் இலையைத் தொடவே இல்லை. அம்மாவின் இலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கல்யாணப் பந்தியில் பக்கத்து இலை காலியாகக் கிடந்ததை அவள் மறந்திருக்க முடியாது. கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கிச் சந்தனத்தைக் கரைத்தது. எதிர்ப் பந்தியில் ஒரு அம்மாள் அதைப் பார்த்துவிட்டு, "ஏட்டி, புருசனை விட்டுட்டுப் போவணுமேன்னு இப்பமே அழுதியாக்கும்!" என்றாள். பந்தல் முழுக்கச் சிரிப்பு. மாப்பிள்ளை வெட்கப்பட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார். என் மகள் அழுதுகொண்டே தானும் சிரித்தாள், ஆமாம் என்று தலையாட்டினாள்.

என் மனைவி இடது கையால் அவள் தோளைத் தட்டினாள். "சாப்புடு" என்றாள் வாயில் சோறோடு. பிறகு பரிமாறுகிறவரைக் கூப்பிட்டாள்.

"இன்னும் கொஞ்சம் புளிச்சோறு வைங்க."